17 வருடம் யார் கணக்கில்? பல்ப் இசைக்குழு மேலே வந்த கதை

1995 ஜூன் 24, சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட்டில் ஒரு பால்பண்ணை. கிளாஸ்டன்பரி இசைவிழா அந்தப் பண்ணை நிலத்தில்தான் நடக்கும். அங்கே பிரமிட் மேடை என்று ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவு அதில் கடைசியாக ஏறுகிறவர்கள்தான் அந்த வருடத்தின் பெரிய ஆட்கள் என்பது எழுதாத சட்டம். அன்றைக்கு ஏறியவர்களோ அந்த இடத்துக்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள் இல்லை. வேறொரு குழு வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் கூப்பிடப்பட்டவர்கள். பாடகர் ஜார்விஸ் காக்கருக்கு வயது 31. ஈர்க்குச்சி உடம்பு, எங்கே வைப்பதென்று தெரியாத அளவுக்கு நீளமான கைகள்.

கடைசிப் பாட்டுக்கு முன் அவர் கூட்டத்தோடு கொஞ்சம் பேசினார். ஒன்று நடக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டால் அது நடந்தே தீரும். 15 வருடம் கழித்து நாங்கள் இங்கே நிற்பதற்குக் காரணமே அந்த ஆசைதான். என்னை மாதிரி ஒரு நெட்டைக்கொக்கால் முடிகிறதென்றால் உங்களாலும் முடியும். இதுதான் பேச்சின் சாரம். பிறகு "காமன் பீப்பிள்" ஆரம்பித்தது. பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடினார்கள். பாட்டு வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பதிவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது சிலிர்க்கிறது. பார்த்து முடித்ததும் ஒரு சந்தேகம் வருகிறது. ஆசைப்பட்டதால் நடந்ததா? ஆசைப்பட்டும் நடக்காமல் போனவர்கள் அந்த மேடையில் ஏறிப் பேசுவதில்லையே.

குழுவின் பெயர் பல்ப். கூழ், நைந்து போனது என்று பொருள். தமிழில் எழுதினால் நமக்கு மின்விளக்குதான் ஞாபகம் வரும், கூடவே "பல்பு வாங்குவது" என்ற நம் ஊர்ச் சொலவடையும். தற்செயல்தான், ஆனால் பொருத்தம் அபாரம். 1978-இல் தொடங்கிய இந்தக் குழு அந்த மேடைக்கு வர 17 வருடம் ஆனது. அதில் ஏறக்குறைய 1991 வரை வாங்கியது எல்லாம் பல்புதான்.

காபிக்கொட்டையில் தொடக்கம்

ஊர் ஷெஃபீல்டு. எஃகுக்கும் கத்தி முள்கரண்டிக்கும் பேர்போன வடக்கத்தி நகரம். அங்கே சிட்டி ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த 15 வயது ஜார்விஸ் காக்கர், நண்பன் பீட்டர் டால்டனோடு சேர்ந்து குழு தொடங்கினான். முதலில் வைத்த பெயர் அராபிகஸ் பல்ப். பொருளாதார வகுப்பில் பத்திரிகையின் சரக்கு விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட காபிக்கொட்டைப் பெயர்தான் அராபிகஸ். நல்லவேளையாக அது சீக்கிரம் உதிர்ந்துவிட்டது. 1980 ஜூலையில் பக்கத்து ஊரான ராதர்ஹாமில் முதல் மேடை.

1981-இல் பிபிசி ரேடியோ 1-இன் ஜான் பீல் ஷெஃபீல்டுக்கு வந்தார். பீல் யார் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாத குழுக்களின் டெமோ கேசட்டைக் கேட்டு, பிடித்தால் லண்டனுக்கு வரவழைத்து, பிபிசி ஸ்டுடியோவில் நான்கு பாட்டு பதிவு செய்து ராத்திரி ஒலிபரப்புகிறவர். அதற்குக் காசும் உண்டு. ஜார்விஸ் அவர் கையில் கேசட்டைக் கொடுத்தான். அழைப்பு வந்தது. 1981 நவம்பரில், ஜார்விஸின் 18 வயதில், பல்ப் பீல் நிகழ்ச்சியில் பாடியது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அடுத்த மாதமே அதே ஊரைச் சேர்ந்த ஹ்யூமன் லீக் குழுவின் பாட்டு நாட்டிலேயே முதலிடத்துக்குப் போனது. ஷெஃபீல்டிலிருந்து வருகிறது என்றாலே லண்டன்காரர்கள் காது கொடுத்த காலம். கேபரே வோல்டேர், ஏபிசி, ஹெவன் 17 என்று வரிசையாகப் பெயர் எடுத்தார்கள். பல்புக்கு ஒன்றும் நடக்கவில்லை. போன் ஒலிக்கும் என்று காத்திருந்தார்கள், ஒலிக்கவில்லை. 1983-இல் "இட்" என்ற சின்ன ஆல்பம் வந்தது. சாதுவான, கிட்டார் மீட்டும் காதல் பாட்டுகள். விற்கவில்லை. கூட வாசித்த பையன்கள் ஒவ்வொருவராகக் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் செய்தது புத்திசாலித்தனம் என்றுதான் அன்றைக்கு எவரும் சொல்லியிருப்பார்கள். ஜார்விஸ் மட்டும் நின்றார்.

உதவித்தொகையும் ஜன்னலும்

1983 முதல் 1988 வரைக்குமான ஐந்து வருடத்தை ரசிகர்கள் வெகு மரியாதையாகப் பேசுவார்கள். மேதைகள், உலகம் கண்டுகொள்ளவில்லை, அப்படி. அந்த வருடங்களின் இசைத்தட்டுகளை வரிசையாக வைத்துக் கேட்டுப்பார்த்தேன். உலகத்தின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை.

ஆட்கள் சரியாகத்தான் சேர்ந்தார்கள். வயலினும் கிட்டாரும் வாசிக்கும் ரஸ்ஸல் சீனியர் வந்தார். முறைப்பான ஆள். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மறியலுக்குப் போனவர். ஃபார்ஃபிசா ஆர்கனோடு கேண்டிடா டாயல் வந்தார். பதின்வயதிலேயே அவருக்கு மூட்டுவாதம். அந்த விரல்களோடுதான் கடைசிவரை வாசித்தார். 1986-இன் கடைசியில் டிரம்ஸுக்கு நிக் பேங்க்ஸ். 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது கோல் காத்த கார்டன் பேங்க்ஸின் சொந்தக்காரர். ஃபயர் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய லேபிளோடு, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தோடு, ஒப்பந்தமும் ஆனது. ஆனால் பாட்டுகளில் ஜார்விஸ் இன்னும் வேறு யாராகவோ இருக்கப் பார்க்கிறார். ஒரு பாட்டில் சோக நாயகன், இன்னொன்றில் பேய்வீட்டுப் பாகவதர். குரலைத் தொண்டையின் அடிக்கு இறக்கி, இருட்டு, ஊனம், பைத்தியம் என்று பாடுகிறார். "ஃப்ரீக்ஸ்" ஆல்பம் 1986-இல் ஒரே வாரத்தில் பதிவானது. வெளிவர 1987 ஆனது. கேட்டவர்கள் சொற்பம்.

நடுவில் ஒரு விபத்து. 1985 நவம்பரில் ஒரு பெண்ணைக் கவருவதற்காக, மாடி ஜன்னலுக்கு வெளியே ஸ்பைடர்மேன் மாதிரி தொங்கிக்காட்டினார் ஜார்விஸ். அடுத்த ஜன்னலுக்குத் தாவுவதாக ஏற்பாடு. கை பிடி நழுவியது. இடுப்பெலும்பு, மணிக்கட்டு, பாதம் என்று முறிவு. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. பிறகு சில மாதம் சக்கரநாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடையேறினார். நடிப்பு என்று சிலர் நினைத்தார்களாம்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதுதான் புத்தி வந்தது என்று அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். எங்கோ வானத்தில் கதை தேடாமல், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவர் என்ன பேசுகிறார் என்று கவனித்தால் போதும் என்று தோன்றியதாம். நம்பலாம். ஆனால் புத்தி வந்த மறுநாளே பாட்டு வந்துவிடவில்லை. இன்னும் ஐந்தாறு வருடம் பிடித்தது.

இந்த இடத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒருவர் 18 வயதிலிருந்து 28 வயது வரை வருமானமே இல்லாத ஒரு வேலையைச் செய்கிறார். சாப்பாட்டுக்கு என்ன வழி? பள்ளிப் பருவத்தில் சனிக்கிழமைகளில் கேசில் மார்க்கெட் மீன்கடையில் வேலை பார்த்தார், நண்டு தேய்த்துக் கழுவி வைப்பது உட்பட. கைநாற்றம் போக அவர் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் எண்பதுகளின் பெரும்பகுதி அவர் வாழ்ந்தது வேலையில்லாதோர் உதவித்தொகையில். அவர்கள் பேச்சில் "டோல்". இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டால் பணம் வரும். பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிய காலம் அது. வேலை தேடினாயா என்று குடைந்து கேட்கிற நிலையில் யாரும் இல்லை, இருந்தால்தானே கொடுப்பதற்கு. எஃகாலைகளும் பட்டறைகளும் மூடிக்கிடந்ததால் ஷெஃபீல்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கேபரே வோல்டேரின் ஸ்டுடியோவே ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில்தான் இருந்தது. தெற்கு யார்க்‌ஷயரில் 1986 வரை பஸ் கட்டணம் சில்லறைக் காசு. உள்ளாட்சி தன் கையிலிருந்து போட்டு ஓட்டியது.

ஆக, டோல் அரசின் பணம். பஸ் உள்ளாட்சியின் பணம். ஜான் பீலின் ஸ்டுடியோ, மக்கள் கட்டும் ஒளிபரப்பு உரிமக் கட்டணத்தில் நடக்கும் பிபிசியின் பணம். ஊரை நொடிக்க வைத்த அதே காலம், நொடித்துப்போனவர்களைத் தாங்க விட்டுவைத்திருந்த பழைய ஏற்பாடுகள் இவை. தோற்றுப்போவது அன்றைக்கு மலிவாக இருந்தது. மேடையில் ஜார்விஸ் சொன்ன ஆசை உண்மைதான். ஆனால் ஆசைக்குச் சோறு போட்டவர்கள் யார் என்பது அந்தப் பேச்சில் இல்லை.

ஊரைவிட்டுப் போனபின் தெரிந்த ஊர்

1988-இல் ஜார்விஸ் கைவிட்டார் என்றே சொல்லலாம். 25 வயதில் லண்டன் செயின்ட் மார்டின்ஸ் கலைக்கல்லூரியில் சினிமா படிக்கப் போனார். அன்றைக்கு பிரிட்டனில் உள்நாட்டு மாணவர்கள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கட்டணம் 1998-இல்தான் வந்தது. மீன்கடைப் பையன் லண்டன் கலைக்கல்லூரிக்குப் போக முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குழு கலையவில்லை, சும்மா கிடந்தது. பேஸ் கிட்டாருக்கு ஸ்டீவ் மெக்கி வந்து சேர்ந்தார். அவரும் லண்டனில் சினிமா படித்தவர். இப்போது டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மூன்றும் நிலைத்த கைகளில் இருந்தன. அந்தக் கால லண்டனில் வாரக்கடைசி என்றால் விடிய விடிய நடன விருந்து, மின்னணுத் தாளம். அது பல்ப் பாட்டுக்குள்ளும் நுழைந்தது. சோகக் கிட்டாருக்கு அடியில் டிஸ்கோ. கேட்கவே விசித்திரமாக இருக்கும், ஆனால் முதல் தடவையாக அது வேறு யாருடையதும் இல்லை.

அதைவிட முக்கியம், தூரம். ஷெஃபீல்டில் இருக்கும்வரை ஜார்விஸுக்கு ஷெஃபீல்டு ஒரு பாடுபொருளாகவே படவில்லை. லண்டன் ஒண்டுக்குடித்தனத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஊரின் அத்தை வீட்டுத் திரைச்சீலை, பஸ் நிறுத்தம், மத்தியானக் கள்ள உறவுகள், வாசலில் நிற்கும் புதுக்கார் எல்லாம் பாட்டுக்குள் வர ஆரம்பித்தன. குரலும் மாறியது. பேய்வீட்டுப் பாகவதர் போய், காதருகே கிசுகிசுக்கும் பக்கத்துவீட்டுக்காரர் வந்தார். "மை லெஜண்டரி கேர்ள்ஃப்ரெண்ட்" என்ற பாட்டில் பாதிக்கு மேல் பேச்சுதான். இரவில் தூங்காத ஒருவன் ஊரைச் சுற்றி வருகிறான். 1991-இல் அது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வந்தபோது என்எம்இ என்ற இசைப் பத்திரிகை அதை வாரத்தின் சிறந்த சிங்கிள் என்றது. அது இருந்த "செபரேஷன்ஸ்" ஆல்பம் 1989-இலேயே பதிவாகிவிட்டது. கடைக்கு வந்தது 1992-இல். மூன்று வருடம் டப்பாவுக்குள். இந்த மூன்று வருடத்துக்கு மட்டும் உலகத்தின் மேல் பழி போடலாம்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்போம். இந்தக் கதையில் அம்மி நகர்ந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அடிக்கிறவர்தான் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

கதவுகள் திறந்த வரிசை

1992-க்குப் பிறகு வேகம். ஷெஃபீல்டிலேயே வார்ப் என்ற மின்னணு இசை லேபிள் வளர்ந்திருந்தது. அதன் துணை லேபிளான கிஃப்ட், பல்பின் மூன்று சிங்கிள்களை வெளியிட்டது. அதில் ஒன்று "பேபீஸ்". அது பிறந்த விதத்தை நினைத்தால் சிரிப்பு வரும். டிரம்ஸ்காரர் நிக் பேங்க்ஸ் சும்மா கிட்டாரை எடுத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை விரல்பிடிப்பில் மீட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட ஜார்விஸ் அங்கேயே பாட்டைக் கட்டினார். ரொம்ப நாள் அதன் பெயர் "நிக்கியின் பாட்டு". தோழியின் அக்கா அறையில் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் பையனின் கதை. பத்து வருடம் முக்கி முனகி எழுதியதில் வராத சரளம் இதில் வந்தது.

1993-இல் பீல் நிகழ்ச்சிக்கு இரண்டாவது அழைப்பு. முதல் அழைப்புக்கும் இதற்கும் நடுவே 11 வருடத்துக்கு மேல். அதே வருடம் ஐலண்டு ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் செய்தது. பாப் மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோன லேபிள், அதற்குள் பாலிகிராம் என்ற பெருநிறுவனத்தின் கையில் இருந்தது. குழுவின் நிர்வாகம் ரஃப் டிரேட் என்ற சிறு லேபிளின் ஜெஃப் டிராவிஸ், ஜெனட் லீ பொறுப்பில். இண்டி, அதாவது பெருநிறுவனம் சாராத சிறு லேபிள் உலகின் விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட, பணம் பெரிய வீட்டிலிருந்து வந்தது. இண்டி குழு மேலே வந்தது என்கிறோம். மேலே வந்தபோது அது முழு இண்டி இல்லை.

காலமும் கனிந்திருந்தது. ரேடியோ 1-இல் 1993 கடைசியில் புது நிர்வாகி வந்து பழைய அறிவிப்பாளர்கள் பலரைக் கழற்றிவிட்டார், புதுக் குழுக்களுக்குப் பகல் நேரமே கிடைத்தது. பத்திரிகைகள் கிரஞ்ச் என்ற அமெரிக்க ராக் இசையில் சலித்துப்போய் உள்ளூர்ச் சரக்கைத் தேடின. பிளர், ஓயசிஸ், ஸ்வேட் என்று ஒரு பட்டியல் போட்டு "பிரிட்பாப்" என்று பெயர் ஒட்டினார்கள். பல்பையும் அதில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்த பலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே பீல் நிகழ்ச்சியில் பாடியவர்கள் இவர்கள். 1994 ஏப்ரலில் "ஹிஸ் என் ஹர்ஸ்" ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 9-ஆம் இடம். வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி விருதுக்குப் பரிந்துரை, விருது வேறு குழுவுக்கு. டாப் ஆஃப் த பாப்ஸ் டிவி நிகழ்ச்சியில் "பேபீஸ்" பாடும்போது ஜார்விஸ் கேமராவைப் பார்த்துக் கோட்டைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதம்: வெட் வெட் வெட்டை வெறுக்கிறேன். அந்தக் கோடை முழுக்க 15 வாரம் முதலிடத்தை விட்டு நகராத குழு அது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் மனதிலிருந்ததை ஒருவர் செய்துவிட்டார். பழைய துணிக்கடைக் கோட்டு, தடிக்கண்ணாடி, கோணல் ஆட்டம் எல்லாம் எண்பதுகளில் கேலிக்குரியவை. இப்போது அவையே ஆள் அடையாளம்.

மூன்று சுரக்கூட்டு, ஒரு கிரேக்கப் பெண்

லண்டன் நாட்டிங் ஹில்லில் பழைய பொருள் வாங்கி விற்கும் கடை ஒன்று. தன்னிடமிருந்த இசைத்தட்டுகள் சிலவற்றை அங்கே விற்றுவிட்டு, கிடைத்த தொகைக்குச் சின்ன கேசியோ கீபோர்டு ஒன்றை வாங்கிவந்தார் ஜார்விஸ். குழந்தைகள் விளையாட வாங்கித்தருகிற ரகம். அதில் ஒரு மெட்டைத் தட்டிப் பயிற்சிக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் சிரித்தார்கள். கேண்டிடாவுக்கு மட்டும் பிடித்தது.

கதை, கல்லூரி நாளில் நடந்தது. சிற்ப வகுப்பில் சந்தித்த வசதியான ஒரு பெண் அவரிடம், நான் ஹாக்னிக்குக் குடிபோய்ச் சாதாரண ஜனங்களைப் போல வாழ ஆசைப்படுகிறேன் என்றாள். ஹாக்னி அன்றைக்கு லண்டனின் ஏழைப் பேட்டை. பாட்டில் அவளைக் கிரேக்கத்திலிருந்து வந்தவள் ஆக்கினார். முதலில் கிண்டலாகத்தான் போகிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய், கையில் காசே இல்லாத மாதிரி நடித்துப்பார் என்கிறான். அவள் சிரிக்கிறாள். இங்கே வேறு யாரும் சிரிக்கவில்லையே என்கிறான். அங்கிருந்து பாட்டு மெல்ல மெல்லக் கோபமாகிறது. நீ எப்படி முயன்றாலும் எங்களைப் போல வாழ முடியாது, ஏனென்றால் உனக்கு அப்பா ஒரு போன் தொலைவில் இருக்கிறார். ஏழ்மை என்றால் பணம் இல்லாமலிருப்பது என்று அவள் நினைக்கிறாள். அது வெளியே போகிற கதவு இல்லாமலிருப்பது என்கிறான் அவன்.

சுரக்கூட்டு மூன்றே மூன்று. ஆனால் தாளத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் நடை, நடுவில் ஓட்டம், கடைசியில் மூச்சிரைப்பு. ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் வேகம் கூடிக்கொண்டே போகிறது. கோபம் வந்தால் ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படியேதான். தயாரிப்பு கிறிஸ் தாமஸ். ராக்ஸி மியூசிக், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று பார்த்த கை. பதிவு நாடாவின் 48 தடங்களும் நிரம்பும்வரை கிட்டார் மேல் கிட்டார், கீபோர்டு மேல் கீபோர்டு என்று அடுக்கினார்கள். அத்தனைக்கும் அடியில் அந்த விளையாட்டுக் கீபோர்டின் கிணுகிணுப்பு கேட்டுக்கொண்டேயிருக்கும். ரீடிங் இசைவிழாவில் 1994 ஆகஸ்டில் முதலில் மேடையேறியது. ஆல்பம் தயாராகும்வரை பொறுக்கலாம் என்பது லேபிளின் எண்ணம். இப்போதே வர வேண்டும் என்று ஜார்விஸ் பிடிவாதம் பிடித்தார். சாமானியர் வேஷம் போடுவது லண்டன் இளைஞர்களிடையே நாகரிகமாகிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் பொறுத்தால் பாட்டின் சூடு போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பத்து வருடம் காத்திருந்த மனிதர், ஆறு மாதம் காத்திருக்க மறுத்தார். இந்தக் கதையிலேயே அவர் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்பேன்.

1995 மே கடைசியில் நேராக 2-ஆம் இடம். முதலிடத்தில் ராப்சன், ஜெரோம் என்ற இரண்டு டிவி நடிகர்கள் பாடிய பழைய பாட்டு.

எனக்கு இந்தப் பாட்டில் ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருக்கும். அவளுக்கு அப்பா இருந்தார். ஜார்விஸின் அப்பா அவருக்கு ஏழு வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டவர். போன் செய்ய ஆள் இல்லாத பையன்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போட ஓர் அலுவலகம் இருந்தது. பாட்டு வந்த மறுவருடமே, 1996 அக்டோபரில், டோல் விதிகள் இறுகின. வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டினால்தான் பணம் என்றானது. அதற்கு இரண்டு வருடம் கழித்துக் கல்லூரிக் கட்டணம்.

சைக்கிளிலிருந்து விழுந்தவர்

கிளாஸ்டன்பரி சனிக்கிழமைக்கு முதலில் பேசியிருந்தது ஸ்டோன் ரோசஸ் குழுவை. விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அதன் கிட்டார்காரர் ஜான் ஸ்குவயர் கலிஃபோர்னியாவில் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். 1985-இல் ஜன்னலிலிருந்து விழுந்த ஒருவர், 1995-இல் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவர். முதல் விழுகை ஜார்விஸுக்குப் பாடுபொருள் கொடுத்தது என்றால் இரண்டாவது விழுகை மேடை கொடுத்தது. இப்படி அழகாகச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் "காமன் பீப்பிள்" அதற்குள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் மாற்று ஆளாக அவர்கள் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. வெறும் அதிர்ஷ்டம் இல்லை. அதிர்ஷ்டம் இல்லாமலும் இல்லை.

ஹோட்டல்கள் எல்லாம் நிரம்பிவிட்டதால் குழு கூடாரத்தில் தங்கியது. யாரும் கேட்டிராத புதுப்பாட்டு மூன்றை அந்த இரவில் துணிந்து பாடினார்கள். "டிஸ்கோ 2000" அதில் ஒன்று. பீதியில் இருந்ததாகக் குழுவினர் பின்னால் சொன்னார்கள், பதிவைப் பார்த்தால் தெரியாது.

மீதி சுருக்கமாக. "டிஃபரண்ட் கிளாஸ்" ஆல்பத்தின் வரிகளில் பெரும்பங்கை ஜார்விஸ் தங்கையின் சமையலறையில் பிராந்தி பாட்டிலோடு ஓரிரு இரவில் எழுதி முடித்தார். அக்டோபர் கடைசியில் வெளிவந்து நேராக முதலிடம், பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை, 1996-இல் மெர்குரி விருது. விருதுப் பணத்தைப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான வார் சைல்டு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். இடையில் 1996 பிப்ரவரியில் பிரிட் விருது மேடை. மைக்கேல் ஜாக்சன் குழந்தைகள் புடைசூழத் தேவதூதர் கோலத்தில் பாடிக்கொண்டிருக்க, ஜார்விஸ் மேடையேறிப் பின்பக்கத்தை ஆட்டிவிட்டு ஓடினார். போலீஸ் பிடித்து விசாரித்து வழக்கில்லாமல் விட்டது. மறுநாளிலிருந்து தெருவில் நடக்க முடியவில்லை. ஆசைப்பட்டது கிடைத்தபின் அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதை 1998-இல் வந்த "திஸ் இஸ் ஹார்ட்கோர்" பாட்டுக்குப் பாட்டு சொல்கிறது. அதுவும் முதலிடம்தான், விற்பனை வெகுகுறைவு. ரஸ்ஸல் சீனியர் அதற்கு முன்பே, 1997 ஜனவரியில், விலகிவிட்டார். 2002-இல் குழு ஓய்ந்தது. பிறகு கூடிக் கூடிப் பிரிந்து, ஸ்டீவ் மெக்கியை 2023-இல் பறிகொடுத்து, 2025 ஜூனில் "மோர்" ஆல்பத்தோடு மறுபடி முதலிடம் வந்தார்கள். ஜார்விஸ் நண்டு விற்ற கேசில் மார்க்கெட் அதற்குப் பத்து வருடம் முன்பே இடிக்கப்பட்டுவிட்டது.

இரண்டு தொகுப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1996-இல், புகழின் உச்சத்தில், 1983 முதல் 1992 வரையான பழைய பாட்டுகளைத் திரட்டி "கவுண்ட்டவுன்" என்று ஒரு தொகுப்பு வந்தது. எண்பதுகளில் சீந்துவாரில்லாமல் கிடந்த அதே பாட்டுகள் இப்போது முதல் பத்துக்குள் நுழைந்தன. வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை கேட்டார்கள் என்று விற்பனைப் பட்டியல் சொல்லாது.

மற்றது 2006-இல் வந்தது. ஜான் பீல் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பல்ப் அவருக்காகப் பாடிய பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டார்கள். 1994-இல் பாடிய "காமன் பீப்பிள்" அதில் இருக்கிறது. 1981-இல் 18 வயதுப் பையன் பாடிய நான்கு பாட்டும் இருக்கின்றன. தாளம் தடுமாறுகிறது, குரல் ஒட்டவில்லை. அதில் ஒரு பாட்டின் பெயர் "விஷ்ஃபுல் திங்கிங்". ஆசைப்பட்டாலே நடந்துவிடும் என்ற நினைப்பு.